கலர் பிடிச்சிருக்குங்களா என்று மட்டும் கேட்டேன்

எங்கள் கார் ஷோரூமின் கூடலூர் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். கார் வாங்க வருகிறவர்கள் முக்கியமாக எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் தலைப்பாம். வேலை ஓய்ந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவளைக் கிளப்பிவிட்டால் நாலு வார்த்தையோடு நிற்க மாட்டாள் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனி அனுபவியுங்கள்.

நான் ஸ்டெல்லா. அந்தக் கிளையில் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்து, விற்பனைப் பிரிவில் மூத்தவளாக ஓய்வு பெற்றவள். என் வாயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மைலேஜ், ஏர்பேக், டிக்கியின் கொள்ளளவு எல்லாம் உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டே சொல்லிவிடும். அதற்கு நான் எதற்கு? நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கேரட் விவசாயி காலிச் சாக்கு ஒன்றை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குள் வந்தார். டிக்கியைத் திறந்து சாக்கை உள்ளே விரித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிக்குமுங்க, மூணாவது படுக்கோணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்ஜின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் ஹாரனை மட்டும் ஐந்தாறு முறை அடித்துப் பார்த்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற பஸ்காரருக்குக் கேட்க வேண்டுமாம். புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, புருஷன் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது என் காதருகே வந்து, "அக்கா, பின்னாடி கண்ணாடி முழுசா இறங்குமாங்க? வளைவுல எனக்கு வாந்தி வரும், அவருக்கு இன்னும் தெரியாது" என்றாள். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு இறக்கிக் காட்டினேன். இவர்கள் யாரும் அசடுகள் இல்லை. அவரவர் பிழைப்பு அவரவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் நாம்தான். அதனால் கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

நான் கேட்காமல் விட்ட ஒரு சமயத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். நல்ல பெயர் வாங்கிய கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்டு உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து செல்வராஜ் என்று ஒருவர் வந்தார். தேயிலை பேக்டரியில் இலையைச் சூட்டில் உலர்த்துகிற ட்ரையரைப் பார்ப்பவர். ஷிப்டு முடித்து நேராக வந்திருப்பார் போல, சட்டையில் தேயிலை வாசம் அடித்தது. மகள் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டாள், பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் கூடலூர் ஸ்கூலில் கிடைத்திருக்கிறது, அதற்குத்தான் கார் என்றார்.

"ஏனுங்க மேடம், எங்க எஸ்டேட் ரோடு பாத்திருக்கீங்களா? ஜூன் மாசம் மழை புடிச்சா ரோட்டுல பாதி ஓடைக்குப் போயிரும். அடி தட்டாத வண்டியா குடுங்க. அது போதும்."

எனக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் மலையில் கார் விற்கிறவர்களுக்கு இருக்கிற பெரிய வியாதி இதுதான். அடி தட்டுமா, ஏற்றத்தில் இழுக்குமா, இந்த இரண்டைத் தாண்டி மண்டை போகாது. இருப்பதிலேயே உயரமான வண்டியைக் காட்டினேன். டெஸ்ட் டிரைவுக்கு ஊட்டி ரோட்டில் ஏற்றத்துக்குக் கூட்டிப்போனேன். நம் கிளையின் வழக்கமே அதுதானே. காலி வண்டி, நல்ல ஏற்றம், பக்கத்தில் நான். வண்டி பாய்ந்தது. செல்வராஜ் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இத்தனை வருஷமாகத் தீயின் முன்னால் நின்ற மனுஷன், அன்றைக்குத்தான் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்ததுபோல இருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் மயங்கிவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

விசாரணைப் படிவத்தில் "ஓட்டுபவர்" என்று ஒரு இடம் இருக்கும். உரிமையாளரா, டிரைவரா என்று டிக் அடிக்க வேண்டும். எல்லாருக்கும் அடிப்பதுபோல உரிமையாளர் என்று அடித்தேன். கேட்கவே இல்லை.

அவருடைய மனைவி பரமேஸ்வரி ஒரே ஒரு தடவை கூட வந்தார். குள்ளமான உருவம், தோள் மட்டும் அகலம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்துவிட்டு, "கலர் பிடிச்சிருக்குங்களா?" என்றேன். "நல்லாருக்குங்க" என்றார். அவ்வளவுதான். ஆம்பளை சேல்ஸ்மேன் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், பெண்களிடம் கலரைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டாயா என்று நானே ஏசியிருப்பேன். நான் செய்தபோது எனக்கு உறைக்கவே இல்லை.

டெலிவரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையைக் குறித்தார்கள். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் வண்டி நகர்ந்துவிட வேண்டும் என்று செல்வராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாதக் கடைசி வேறு. தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் மேனேஜருக்குப் போன் மேல் போன். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தோம். பழம் நசுங்கி வண்டி வெளியே போய்விட்டால் அப்புறம் அது அவர்களுடையது. அதுதான் நம் ஊர் சட்டம். ரசீதுகூட அதற்கு அடுத்துதான்.

பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அப்போதுதான் மகளை முதல் தடவையாகப் பார்த்தேன். கீர்த்தனா. பதினாறு வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கூர்மையான கண். அவளை அம்மா உப்புமூட்டையாக முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. பத்தாவது வரை எஸ்டேட் பக்கத்து ஸ்கூலுக்கு அம்மாதான் இப்படியே சுமந்து போயிருக்கிறார். செல்வராஜ் இதை என்னிடம் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. மகளைப் பற்றிச் சொல்ல அவருக்கு முதலில் தோன்றுவது அவள் வாங்கிய மார்க்தான்.

மேனேஜர் தன்னுடைய சக்கர நாற்காலியை, அதுதான் அந்தச் சுழல்கிற ஆபீஸ் நாற்காலியை, தள்ளிக்கொண்டு வந்து அவளை உட்கார வைத்தார். நல்ல மனுஷர். அவரைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் குறையாகச் சொல்லப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

"பாப்பாவ உள்ள உக்கார வெச்சு ஒரு போட்டோ எடுத்துரலாங்க" என்றேன், வழக்கம்போல.

பரமேஸ்வரி மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பின் கதவருகே போய்த் திரும்பி நின்றார். முதுகில் இருக்கிறவர்களை இறக்க அப்படித்தானே நிற்க வேண்டும். ஆனால் சீட்டு அவர் இடுப்புக்கும் மேலே இருந்தது. நுனிக்காலில் எம்பினார். ஆகவில்லை. செல்வராஜ் ஓடிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே தவழ்ந்து, மகளின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தார். ஒரு செருப்பு கழன்று வண்டிக்கு அடியில் விழுந்தது. துப்பட்டா கதவில் மாட்டியது. ஒருவழியாக உட்கார வைத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். கீர்த்தனா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பை எடுக்கக் குனிந்த பரமேஸ்வரியின் பக்கத்தில் நானும் குனிந்தேன். அவருக்கு மூச்சு இரைத்தது.

"தினமும் யாருங்க தூக்கி வெப்பாங்க?" என்றேன்.

"நாந்தானுங்க."

"வண்டி ஓட்டறது?"

"அதும் நாந்தானுங்க. அவருக்கு ஷிப்டு இருக்குதில்லைங்க. பந்தலூர்ல கத்துக்கிட்டு லைசென்ஸ் எடுத்துட்டேன்."

"தனியாவாங்க தூக்குவீங்க?"

"சமாளிச்சுக்குவேனுங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லைங்க?"

அவர் புருஷன் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வண்டிப் படத்த போன்ல வெச்சுக்கிட்டு, சோறு உண்கறப்பக்கூடப் பாத்துட்டே இருந்தாருங்க. அவரு எதையும் ஆசைப்பட்டு நான் பாத்ததில்லைங்க. எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பத்து மணி இருபது நிமிடம். மாலை போட்டாயிற்று. மேனேஜர் வாட்ச்சைத் தட்டிக் காட்டுகிறார். செல்வராஜ் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்ட வண்டியைத்தான் கொடுத்தேன். படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. ஒரு மாதம் கழித்து, மழையில், வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்கூல் வாசலில் அந்த அம்மா தவறி விழுந்தால் அந்தச் செய்தி ஷோரூமுக்கு வரவே வராது. யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போய் முன் சக்கரம் ஒன்றின் முன்னால் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

செல்வராஜ் முகம் செத்துப்போயிற்று. "என்னங்க மேடம், நல்ல நேரத்துல பழத்த எடுக்கறீங்க? லோன்ல ஏதாச்சும் சிக்கலுங்களா? எங்களால கட்ட முடியாதுன்னு நெனைக்கறீங்களா?"

"லோன்ல ஒண்ணுமில்லைங்க அண்ணா. தப்பு என் மேல."

மேனேஜர் என்னை ஓரமாக இழுத்துப்போனார். "ஸ்டெல்லா, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. வண்டி வெளிய போகட்டும். அப்புறம் ஒரு படிக்கட்டு கிடிக்கட்டு வெச்சுக் குடுத்துக்கலாம்."

"படிக்கட்டு வெச்சா அந்தம்மா ஏறலாம் சார். முதுகுல ஒரு ஆளோட, மழையில?"

நான் திரும்பிப்போய் செல்வராஜின் முன்னால் நின்றேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரம் இல்லை.

"அண்ணா, ஒரே ஒரு தடவை. நீங்க கிட்ட வராம, அக்கா மட்டும் பாப்பாவ எறக்கி மறுபடி ஏத்தட்டும். அதுக்கப்புறம் நீங்க சொன்னா பழத்த நானே வெக்கறேன்."

இறக்குவது எப்படியோ ஆயிற்று. ஏற்றும்போதுதான் முடியவில்லை. பரமேஸ்வரி எம்பினார், ஒரு காலை ஓரத்தில் ஊன்றிப் பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். கீர்த்தனாவின் முதுகு கதவின் விளிம்பில் இடித்தது. செல்வராஜ் ஓடிவரப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன்.

"நீங்க இப்போ பேக்டரில இருக்கீங்க அண்ணா. இங்க இல்ல."

கொடுமைதான். இப்போது நினைத்தாலும் கொடுமைதான். ஆனால் அதை என் ஷோரூமில், ஒரே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது என்று நினைத்தேன். மூன்றாவது முறை எம்பும்போது கீர்த்தனா அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"விடும்மா. நான் ஸ்கூலுக்குப் போகல."

சின்னக் குரலில்தான் சொன்னாள். செல்வராஜ் கையிலிருந்த ஊதுபத்தியைக் கீழே வைத்துவிட்டு, வண்டியின் மேல் கையை ஊன்றி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்போது ராகு காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு டெமோ வண்டி நின்றது. பெட்டி மாதிரி இருக்கும், கூரை உயரம், தரை தாழ்வு, கதவு அகலமாகத் திறக்கும். கூடலூரில் அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. நாங்களே அதை டப்பா என்றுதான் கூப்பிடுவோம். நான் அதை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினேன்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், மற்றதையெல்லாம் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த உயரமான வண்டி தற்காலிக நம்பரில்தான் இருந்தது. அதன் கணக்கை ரத்து செய்து வேறு வண்டி வரவழைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மேனேஜர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவரே வந்து, படிவத்தில் அந்த இடத்தை எப்படி மாற்றலாம் என்று கேட்டார். யார் ஓட்டுவார், யார் ஏறுவார், யார் ஏற்றுவார் என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். இப்போது உங்கள் டேப்லெட்டில் அது இல்லை. நீங்கள் மனசில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த டப்பா எஸ்டேட் ரோட்டில் அடி தட்டுமா என்று செல்வராஜ் கேட்டபோது, "தட்டுமுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. தட்டவும் செய்தது. சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் அடியில் புதுசாக ஒரு கீறல் இருக்கும். எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிகள் சேர்ந்து மோசமான இரண்டு இடத்தில் கல் போட்டு நிரப்பிக் கொடுத்தார்கள். கீர்த்தனா இரண்டு வருஷமும் அதில்தான் ஸ்கூலுக்குப் போனாள். அம்மாதான் ஓட்டினார்.

ஒரு வண்டியை மாற்றிக் கொடுத்ததில் நான் கெட்டிக்காரி என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் அன்றைக்கு நான் இரண்டாவது தப்பும் செய்தேன். முதலில் அப்பாவிடம் மட்டும் பேசினேன். பிறகு புத்தி வந்ததாக நினைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசினேன். அம்மா தூக்குவதற்குச் சுலபமான வண்டி எது என்பதுதான் என் மண்டையில் ஓடியது. தினமும் அதில் உட்காரப்போகிறவளிடம் அதுவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னதோடு சரி.

டெமோ வண்டியின் முன் கதவைத் திறந்தேன். பின் சீட்டைவிட அங்கே இடம் தாராளம். கீர்த்தனாவை மேனேஜர் நாற்காலியில் வைத்து வண்டியை ஒட்டினாற்போல் தள்ளிக்கொண்டு வந்தோம். பரமேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

கீர்த்தனா கார் சீட்டைப் பார்த்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நாற்காலி நகராம புடிச்சுக்கறீங்களா?"

நானும் மேனேஜரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஒரு கையைக் கார் சீட்டில் ஊன்றினாள். இன்னொரு கையால் கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தாள். பதினாறு வருஷம் கையை மட்டுமே நம்பியிருந்த பெண், அந்தக் கையில் இருந்த பலத்தை நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. ஒரே நகர்வு. உள்ளே உட்கார்ந்திருந்தாள். வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு இடது கால். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, நாங்கள் நாற்காலியை விலக்கியதும் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பரமேஸ்வரி நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அந்தக் கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

செல்வராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிட்டே வந்தார். கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார்.

"கதவு சரியா சாத்தலையாட்டம் இருக்குது கண்ணு" என்றார். "இன்னொருக்கா தொறந்து சாத்து, பாக்கலாம்."

கதவு நன்றாகத்தான் சாத்தியிருந்தது. அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திறந்து, இன்னும் பலமாக ஒரு முறை சாத்தினாள்.